நீ வெட்டியெடுத்த அழுகை

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை துஷியும் அவளுடைய அம்மாவும் கலியாண மண்டபம் பார்த்துவிட்டு வந்து, தேநீர் குடித்து, நாள் குறித்த சந்தோஷத்தோடு புறப்பட்டுப் போனபிறகு, நீ சமையலறை வாசலில் வந்து நின்றாய். நான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். "அம்மா, ஒண்டு சொல்லோணும். கலியாணம் சரி. ஆனா பிள்ளை வேண்டாமெண்டு துஷியிட்டச் சொல்லிப்போட்டன். அவ யோசிச்சுச் சொல்லுறனெண்டவ" என்றாய். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இதென்ன விசர்க்கதை" என்றேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டாய். திரும்பி வந்தபோது நான் சோறு போட்டேன், நீ சாப்பிட்டாய், இரண்டு பேரும் மழையைப் பற்றிக் கதைத்தோம். நமக்குள் பெரிய விஷயங்கள் எல்லாம் எப்போதும் இப்படித்தான் சோற்றுக்குள் மூடப்பட்டுப் போகின்றன.

மறுநாள் துஷி எனக்குப் போன் எடுத்தாள். "அன்ரி, அவருக்குப் பிள்ளையள் பிடிக்காமல் இல்லை. தனக்கு அந்தத் தகுதி இல்லையெண்டு சொல்லுறார். தான் எடிட் பண்ணின அந்தச் சின்னப் பிள்ளையின்ர கதையைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லுறார்" என்றாள். இத்தனை வருடம் கழித்தும் நீ அதைச் சுமந்துகொண்டிருக்கிறாய் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. உன் முன்னால் இருந்து இதைச் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் முதலில் உன்னிடம்தான் தருவேன். பிள்ளை வளர்க்கிற வேறு ஆட்களும் வாசிக்கட்டும் என்று நீ சொன்னால் மட்டும் பத்திரிகைக்குக் கொடுப்பேன். எப்படியானாலும் அந்தப் பிள்ளையின் பெயரை எழுதமாட்டேன். முன்பின் தெரியாத எத்தனையோ பேர் அவளை உரிமையோடு பெயர் சொல்லிக் கூப்பிட்டது போதும். சின்னவள் என்றே எழுதுகிறேன். அவளுடைய தாயைச் சுதா என்றும் தகப்பனை ரமணன் என்றும் வைத்துக்கொள்வோம். அவையும் உண்மைப் பெயர்கள் இல்லை.

உனக்கு அப்போது எடிட்டிங் படித்து முடித்த புதிது. கலியாண வீடியோ செய்யும் ஒரு ஸ்டூடியோவில் வேலை. மாப்பிள்ளையின் சித்தப்பா கொட்டாவி விடுவதை வெட்டுவதுதான் உன்னுடைய உத்தியோகம் என்று சொல்லிச் சிரிப்பாய். அங்கே உன் கைவேலையைப் பார்த்துத்தான் சுதா உன்னைத் தேடி வந்தாள். கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடியில் இருந்த குடும்பம். தாய், தகப்பன், ஆறு வயதுப் பெண்பிள்ளை. தங்கள் வீட்டு வாழ்க்கையை யூடியூபில் போடுகிறவர்கள். காலையில் பாண் வாங்குவதிலிருந்து பிள்ளை பாடசாலைக்குச் சப்பாத்துப் போடுவது வரை எல்லாம் வீடியோ. தாங்கள் எடுப்பதை அவர்கள் இணையத்தில் அனுப்புவார்கள், நீ உன் அறையில் இருந்து வெட்டித் தொகுத்துக் கொடுப்பாய். ஸ்டூடியோ வேலையும் செய்துகொண்டு, வீட்டிலிருந்தபடியே இன்னொரு வேலையும் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம். உன் அப்பா போனதற்குப் பிறகு நம் வீட்டில் நான் நிம்மதியாக மூச்சுவிட்ட காலம் அதுதான்.

அந்தச் சனலின் மிகப் பெரிய ரசிகை நான்தான் என்பது உனக்கும் தெரியும். அலுவலகத்தால் வரும்போது கோட்டையிலிருந்து வெள்ளவத்தை வரைக்கும் பஸ்ஸில் அதைத்தான் பார்த்துக்கொண்டு வருவேன். சின்னவள் கதவைத் திறந்து, இரண்டு கைகளையும் விரித்து, "வாங்க வாங்க, எங்க வீட்டுக்குள்ள வாங்க!" என்று சொல்லும்போது என் களைப்பெல்லாம் போய்விடும். பக்கத்தில் இருக்கிற ஆட்களிடம், "இது என்ர மகன் எடிட் பண்ணினது" என்று காட்டியிருக்கிறேன். வீடியோவுக்குக் கீழே இதயங்களாகப் போட்டு, "என் செல்லத்துக்குச் சுத்திப்போடுங்கோ சுதா" என்று எழுதியிருக்கிறேன். எனக்குப் பெண்பிள்ளை இல்லாத குறையை அந்தப் பிள்ளை தீர்த்துவைத்தாள் என்றுகூட நினைத்தேன். அவள் ஒருநாளும் சிணுங்குவதில்லையே, ஒருநாளும் சாப்பாட்டை வேண்டாமென்று தள்ளுவதில்லையே என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்ததில்லை. நல்ல வளர்ப்பு என்று நினைத்தேன்.

ஆனால் நீ மெலிந்தாய். முதலில் காலைச் சாப்பாட்டை விட்டாய், பிறகு என்னோடு ரீவி பார்ப்பதை விட்டாய். பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால் எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்துவாய். காதல் தோல்வியாக இருக்கும் என்று நான் நினைத்தேன். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் உனக்குத் தேநீர் கொண்டு அறைக்குள் வந்தேன். நீ குளியலறையில் இருந்தாய். மேசையில் படிந்திருந்த தூசியைத் துடைக்கும்போது என் கை பட்டு ஹெட்போன் கம்பி கழன்றுவிட்டது. நீ நிறுத்தாமல் விட்டிருந்த வீடியோவின் சத்தம் முழுவதும் அறைக்குள் வந்தது.

திரையில் சின்னவள் சுவரோடு நின்றுகொண்டிருந்தாள். சுதாவின் குரல் மட்டும் கேட்டது.

"பல் எங்க?"

"ஜன்னலால எறிஞ்சிட்டேன். அணில் எடுத்துட்டுப் போய்ப் புதுப் பல் தரும்னு அத்தை சொன்னாங்க."

"கமரா வைக்காம ஆடுற பல்லைத் தொடாதன்னு எத்தனை தரம் சொல்லியிருக்கேன்?"

பிறகு ஒரு அடி. எங்கே விழுந்தது என்று தெரியவில்லை, சத்தம்தான் கேட்டது. பிள்ளை வாய்விட்டு அழவில்லை, தம்பி. மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அழக்கூடாது என்று பழகிய பிள்ளை இழுக்கிற மூச்சு அது. "கண்ணைச் சிவக்க வைக்காத. இன்னிக்கே போடணும். போய் முகம் கழுவிட்டு வா. இந்தா, பல்லுக்குப் பதிலா இந்தத் தேங்காய்த் துண்டைக் கையில வச்சுக்க. நான் சொன்னதும் ஓடி வந்து திறந்து காட்டணும்." கொஞ்சநேரம் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு சின்னவள் ஓடிவந்தாள். பல் போன வாயால் சிரித்தாள். கையைத் திறந்தாள். "சந்தோஷமா, இன்னும் சந்தோஷமா" என்றது குரல். அவள் திரும்பப் போய்த் திரும்ப ஓடிவந்தாள். ஒவ்வொரு தரமும் சிரிப்பு அப்படியே புதிதாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நீ தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டாய். "எவ்வளவு காலமா இது?" என்று கேட்டேன். "முதல் கிழமையில இருந்து" என்றாய். பிறகு கட்டிலில் அமர்ந்து, யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாய்: "அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில ஒரு மூச்சு வரும் அம்மா. அந்த மூச்சை வெட்டினாச் சரி. பிறகு ஒருத்தருக்கும் தெரியாது. கன்னம் சிவந்திருந்தா நிறத்தைச் சரிப்பண்ணிப்போடுவன். சோகமாத் தெரிஞ்சா அதுக்கு மேல மியூசிக். அவ அடிக்கிறா, நான் துடைக்கிறன்." நான் உன் பக்கத்தில் இருந்தேன். கடற்கரை ரயில் போனது. பிறகு நான் சொன்னது, வேலையை விட்டுவிடு என்பதுதான். நீ தலையை ஆட்டினாய். "விடலாம் அம்மா. நான் விட்டா நாளைக்கு வேற ஒருத்தன் வெட்டுவான். பிள்ளை அங்கதானே இருக்கும்?"

உன் வயதில் எனக்கு அந்தக் கேள்வி வந்திருக்காது. இந்த வயதிலும் வரவில்லை. என் மகனை அந்த அறையிலிருந்து வெளியே எடுத்தால் போதும் என்றுதான் என் மனம் நினைத்தது. நீதான் அந்தப் பிள்ளையை நினைத்தாய். முதலில் நேரே போய்ச் சுதாவிடம் கதைப்போம் என்று நீ சொன்னதும் சரியாகத்தான் பட்டது. அவளும் ஒரு தாய், தெரியாமல் செய்கிறாள், சொன்னால் விளங்கும் என்று நானும் நம்பினேன். அடுத்த நாள் கொஞ்சம் கதலி வாழைப்பழம் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் கொட்டாஞ்சேனைக்குப் போனோம்.

அந்த வீட்டுக்குள் போனதும் எனக்கு ஒரு மயக்கம்போல வந்தது. எல்லாவற்றையும் முன்னமே பார்த்திருந்தேன். அந்த மஞ்சள் திரைச்சீலை, அந்த மீன்தொட்டி, அந்தச் சோபா. ஆனால் வீடியோவில் தெரியாத பக்கத்தில் சுவரெல்லாம் ஈரம் ஏறிக் கறுத்திருந்தது, பெட்டிகள் அடுக்கிக்கிடந்தன. ரமணன் ஒரு கதிரையில் போனோடு இருந்தான். எங்களைக் கண்டதும் எழும்பி உள்ளே போய்விட்டான். சுதா தண்ணீர் கொண்டுவந்தாள். நேரில் பார்த்தால் அவளும் சின்னப்பெண்தான். கண்ணுக்குக் கீழே கறுப்பு. நீ தடுமாறித் தடுமாறிச் சொல்லி முடித்தாய். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரித்தாள்.

"என்னக்கா இது, பிள்ளைன்னா ஒரு தட்டு தட்டுறதில்லையா? நான் முகத்துவாரத்தில வளர்ந்தவ. எங்கப்பா ஹார்பர்ல வேலை முடிஞ்சு வந்தா பெல்ட்டாலதான் பேசுவார். நான் செத்தா போயிட்டேன்? என் பிள்ளைக்கு நான் என்ன குறை வச்சேன்? நல்ல ஸ்கூல், நல்ல உடுப்பு, இவ்வளவு பேர் அன்பு. எனக்கு இதுல ஒண்ணாவது கிடைச்சுச்சா?" சொல்லிக்கொண்டே அவள் குரல் உடைந்தது. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நீங்க உங்க மகனுக்கு அடிக்கவே இல்லையாக்கா?"

நீ என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தாய். வாய்ப்பாடு தவறினால் அகப்பைக்காம்பால் உன் கையில் அடித்தவள் நான். அப்பா போன வருடத்தில், சோறு சிந்தியதற்கெல்லாம் அடித்தேன். "அடிச்சிருக்கிறன் சுதா. அது பிழை. அவன் அதைத் தாங்கினவன் எண்டதால அது சரியாகாது" என்றேன். சுதா அழுதாள். மனம் இளகிவிட்டது, இனிச் சரியாகிவிடும் என்று நினைத்து நான் அவள் தோளைத் தொட்டேன். அப்போது சின்னவள் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். சுதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேசையிலிருந்த போனை எடுத்து, "பாப்பா, எடிட்டர் அண்ணாவும் அவங்க அம்மாவும் வந்திருக்காங்க பாரு. வா, ஒரு சின்ன வீடியோ எடுப்போம்" என்றாள். அவள் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, பழகிப்போய்விட்டது. போன் உயர்ந்ததுதான் தாமதம், சின்னவளின் முகம் மாறியது. சோர்ந்துபோயிருந்த முகம் விளக்குப் போட்டதுபோல ஆகி, இரண்டு கைகளும் விரிந்து, "வாங்க வாங்க" என்றது. நான் பஸ்ஸில் பார்த்து உருகிய அதே சிரிப்பு. நான் எழும்பிவிட்டேன். படியிறங்கும்போது நீ, "இனி நாங்கள் கதைச்சுச் சரிவராது அம்மா" என்றாய்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ இப்போது மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். அல்லது உன் கணக்கில் அதைச் சேர்க்காமல் விட்டாய். உன் சிநேகிதர்கள் வந்தார்கள். "மச்சான், நீ வெட்டின துண்டுகளை அப்படியே இன்ரநெற்றில போடு. ஒரு நாளில அவையின்ர சனல் முடிஞ்சிடும்" என்றார்கள். நானும் அதையே நினைத்தேன். ஊரெல்லாம் பார்க்கட்டும், என்னைப்போல ஏமாந்தவர்கள் எல்லோரும் பார்க்கட்டும் என்ற கோபம் எனக்கு. நீ மட்டும் வேண்டாமென்றாய். "அவள் அடி வாங்கிறதை எல்லாருக்கும் காட்டுறதோ? அதுவும் ஒரு வீடியோதானே. நாளைக்கு வளர்ந்து பெரிய பிள்ளையாகி அதைப் பார்க்கோணுமே" என்றாய். சிநேகிதன் ஒருவன் உன்னைக் கோழை என்றான்.

நாம் பிரதேச செயலகத்துக்குப் போனோம். சிறுவர் விஷயங்களைப் பார்க்கும் உத்தியோகத்தர் ஒரு சிங்களப் பெண். "வாடி வெண்ட அம்மே" என்று சிங்களத்தில் சொல்லி, உட்காரக் கதிரையைக் காட்டினார். உன் சிங்களம் அன்றைக்கு முழுவதும் குழறியது. பாதியைச் சொல்லவே முடியாமல், மடிக்கணினியைத் திறந்து, அவர் காதில் ஹெட்போனை வைத்துவிட்டாய். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்து முடித்து ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு எங்களுக்கு விளங்கவேண்டும் என்று, தனக்குத் தெரிந்த தமிழில், "தம்பி வந்தது நல்லம். இனி நாங்க பாக்கிறது" என்றார். நீ வெளியே வந்து, வாசல் மதிலைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தாய். அத்தனை மாதமாக உள்ளே போனது வெளியே வந்தது.

அதற்கு நீ கொடுத்த விலை எனக்குத் தெரியும். உத்தியோகத்தர் அந்த வீட்டுக்குப் போய்வந்த கிழமையே சுதா ஒரு வீடியோ போட்டாள். நம்பிய எடிட்டர் முதுகில் குத்திவிட்டான், எங்கள் குடும்பத்தின் மேல் பொறாமை என்று அழுதாள். கீழே உன்னைத் திட்டி எழுதியவர்கள் எல்லாம் என்னைப்போல நல்ல மனுசர்தான். சின்னவளை நேசித்தவர்கள். ஸ்டூடியோக்காரர், "பிரச்சினை ஓயட்டும் தம்பி, பிறகு வாரும்" என்று உன்னை நிற்பாட்டினார். கோயிலில் ஒரு அம்மா என்னிடம், "உங்கட மகன் ஏன் அடுத்தவன் குடும்பத்துக்குள்ள தலையைப் போட்டவர்?" என்று கேட்டார். நீ வேலையில்லாமல் இருந்த அந்த மாதங்களில் ஒரு நாளாவது, "ஏன் போனேன்" என்று சொன்னதில்லை. உண்மையை விளக்கி நீயும் ஒரு வீடியோ போட்டிருக்கலாம். சின்னவளின் கதை அதில் வரும் என்பதற்காகப் போடவில்லை. பிள்ளைக்காக வாயை மூடிக்கொண்டு பேச்சு வாங்குவது தகப்பன்மார் செய்கிற வேலை, தம்பி. நீ அதைக் கலியாணத்துக்கு முதலே செய்துவிட்டாய்.

இனி நான் உனக்குச் சொல்லாமல் விட்ட பகுதி. நீ கேட்கவில்லை, கேட்கப் பயந்தாய் என்று தெரிந்து நானும் சொல்லவில்லை. விசாரணை நடந்தபிறகு ரமணன்தான் முதலில் உடைந்தான். உள் அறைக்குள் போய்விடுகிற அந்த மனுசன் ஒருநாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தெமட்டகொடையில் இருக்கும் தன் அக்காவின் வீட்டுக்குப் போய்விட்டான். மருதானையில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறவர் அந்த அக்கா. அணில் கதை சொன்ன அத்தை அவர்தான். பிள்ளை அவரோடு இருக்கட்டும் என்று அதிகாரிகளும் சொல்லிவிட்டார்கள். எனக்கு மனம் கேட்காமல் ஒருநாள் போனேன். பிறகு அடிக்கடி போகத் தொடங்கினேன். மாதர் சங்கக் கூட்டம் என்று உனக்குச் சொல்லிவிட்டுப் போன ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அங்கேதான் போனேன்.

முதல் மாதங்கள் பார்க்கச் சகிக்காது. ஒரு வடையைக் கையில் கொடுத்தால் கடிக்கமாட்டாள். "முதல்ல என்ன சொல்லணும் அத்தை?" என்று கேட்பாள். விழுந்து முழங்கால் உரிந்து இரத்தம் வருகிறது, அழுவதற்கு முதல் சுற்றிப் பார்க்கிறாள். "இப்ப அழலாமா?" என்று கேட்கிறாள். யாராவது நேரம் பார்க்கப் போனைத் தூக்கினால் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்துவிடும். அத்தை தன்னுடைய போனை வேலைக்குப் போகும் பையை விட்டு வெளியே எடுப்பதையே நிறுத்திவிட்டார். மனநல வைத்தியரிடம் கூட்டிப் போனார்கள். அத்தை தையல் துண்டுகளைக் கொடுத்து விளையாடவிட்டார். யாரும் பார்க்காதபோது விளையாட அவளுக்கு நெடுநாள் பிடித்தது. பார்க்க ஆளில்லாமல் விளையாடுவது எதற்கு என்று அவளுக்கு விளங்கவில்லை.

ஒருநாள் அலுவலகத்தில் இருக்கும்போது அத்தையிடமிருந்து போன் வந்தது. அழுகிறார். நான் பயந்துபோய், "என்ன நடந்தது?" என்றேன். "ஒண்ணுமில்லக்கா. பிள்ளை இன்னிக்குக் கோவிச்சுக்கிட்டா. பருப்பு பிடிக்கலன்னு கோப்பையைத் தள்ளிட்டு, மத்தியானம் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு மூலையில இருந்தா. நான் கூப்பிட்டும் திரும்பல" என்று சொல்லிச் சொல்லி அழுது, அழுதுகொண்டே சிரித்தார். நான் கணக்கு வேலையை அப்படியே விட்டுவிட்டு, கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். பிறந்த பிள்ளை முதல் முதல் அம்மா என்று சொன்னால்கூட ஒரு வீடு இப்படிக் கொண்டாடாது.

சுதாவைப் பற்றியும் சொல்லவேண்டும். அவளை வெறுத்துக்கொண்டிருப்பது உனக்கும் நல்லதில்லை. சனலை நிறுத்திவிட்டார்கள். அவள் இப்போது ஒரு சலூனில் வேலை செய்கிறாள். அவளுக்கும் ஆலோசனை கொடுத்தார்கள், ஒழுங்காகப் போனாள். கிழமைக்கு ஒருதரம் பிள்ளையைப் பார்க்க விட்டார்கள், அதுவும் அத்தைக்கு முன்னால். ஒரு தரம் என்னை அழைத்து, "அக்கா, அவ என்னைப் பார்த்தா சிரிக்கவே மாட்டேங்கிறா. அது நல்ல அறிகுறின்னு டொக்டர் சொல்றாங்க. எனக்கு எப்படிக்கா தாங்கும்?" என்று கேட்டாள். நான் சமாதானம் சொல்லவில்லை. தாங்கத்தான் வேண்டும் என்றேன். அவள் தாங்கினாள். வாராவாரம் போய், சிரிக்காத பிள்ளைக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு வருவாள். அடித்த தகப்பனிடமிருந்து படித்ததை அவள் பாதி வயதில் மறக்கப் பழகுகிறாள். இப்போது சின்னவள் அவளிடம் பாடசாலைக் கதை சொல்கிறாளாம். ஆனால் இன்னும் தாயின் வீட்டுக்குப் போய் இருக்க விருப்பமில்லை என்கிறாள். யாரும் வற்புறுத்தவில்லை.

தம்பி, பிள்ளை பெறவேண்டும் என்று உன்னிடம் நான் கேட்கவில்லை. அது உன்னுடையதும் துஷியுடையதுமான முடிவு. வேண்டாமென்று இரண்டு பேரும் சந்தோஷமாக முடிவெடுத்தால் நான் கோயிலில் போய்ப் புலம்பமாட்டேன், சத்தியம். ஆனால் உனக்குத் தகுதியில்லை என்ற காரணத்தை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. நீ அத்தனை மாதம் வெட்டினாய், உண்மை. அதை இல்லையென்று சொல்லி உன்னைத் தேற்றமாட்டேன். அந்தச் சிரிப்புகளை அழகாக்கியது உன் கைதான். உடனேயே எழும்பிப் போயிருக்கலாம் என்றால், போயிருக்கலாம். இருபத்திரண்டு வயது உனக்கு. அப்போது உனக்குப் பயம் இருந்தது, வீட்டுக்கு உன் சம்பளம் தேவையாக இருந்தது, இதெல்லாம் குடும்பங்களில் வழமைதான் என்று நினைக்கவைத்தவளும் நான். சின்ன வயதில் அடிவாங்கி வளர்ந்த பிள்ளைக்கு, அடுத்த வீட்டு அடி பிழை என்று துணிந்து சொல்ல நேரமெடுக்கும். அந்தப் பங்கு என்னுடையது. அதை உன் தலையில் ஏற்றிக்கொள்ளாதே.

உனக்கு ஒரு பிள்ளை வந்தால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். அதன் முதல் பல் விழும்போது அதை எறியவிடுவாய். அது அழுதால் முழுவதும் அழுது முடியவிடுவாய். படம் எடுக்கவேண்டாமென்று நான் சொல்லவில்லை, நானும் ஆசைப்படுவேன். ஆனால் எடுத்தால் வீட்டுக்குள் இருக்கட்டும். பேரப்பிள்ளையின் படத்தை நான் பெருமைக்காக யாருக்காவது அனுப்பினால், "அம்மா, நிற்பாட்டுங்கோ" என்று என் கையைப் பிடி. என்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. ஒருநாள் கோபத்தில் உன் கை உயரலாம். எல்லோருக்கும் உயரும். அப்போது வெளியே போய் நடந்துவிட்டு வா. பிறகு வந்து பிள்ளையிடம், பயப்படுத்திப்போட்டன், மன்னிச்சுக்கொள் என்று சொல். அதை நான் உனக்குச் சொன்னதேயில்லை. இந்தக் கடிதத்தில் சொல்கிறேன். அந்த அகப்பைக்காம்புக்கும், அந்த வருடத்துக்கும், மன்னித்துக்கொள், ராசா.

நேற்று நான் தெமட்டகொடைக்குப் போயிருந்தேன். உன் கலியாணத்தைச் சொல்லவேண்டும் என்று எனக்கு ஆசை. சின்னவள் இப்போது என் தோளளவு உயரம். படித்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலே கேட்டுக்கொண்டிருந்தாள். "எடிட் பண்ற அண்ணாவுக்கா?" என்றாள். ஓம் என்றேன். அவளுக்கு உன்மேல் கோபம் இருக்குமோ என்று எனக்குப் பயம். அவள் பேனையைக் கடித்துக்கொண்டு யோசித்தாள்.

"அந்த அண்ணா சொல்லித்தான் எங்க வீட்டுக்கு ஆக்கள் வந்தாங்கன்னு அத்தை சொன்னாங்க" என்றாள். பிறகு, "கலியாணத்துல வீடியோ எடுப்பாங்களா?" என்று கேட்டாள்.

"எடுப்பினம் பிள்ளை. எல்லாரும் போனோடதான் நிற்பினம்."

"அப்ப நான் வரமாட்டேன்" என்றாள். நேரே என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். சிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை. அத்தை பதறிப்போய், "அப்படிச் சொல்லக்கூடாதும்மா, ஆன்ட்டி ஆசையா கூப்பிட வந்திருக்காங்க" என்றார். நான் அவரைக் கையமர்த்தினேன். கலியாணத்துக்கு அடுத்த நாள் வீட்டில் ஒரு சின்னச் சாப்பாடு வைப்பதாக இருக்கிறது, நாங்கள் மூன்று பேரும்தான், போனெல்லாம் உள் அறையில் வைத்துவிடுவோம், அதற்கு வருவாயா என்று கேட்டேன். துஷியிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் ஒத்துக்கொள்வாள் என்று தெரியும்.

சின்னவள் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் புரட்டினாள், திரும்ப முன்பக்கத்துக்கு வந்தாள். நான் புறப்பட்டுச் செருப்பைப் போடும்போது பின்னால் வந்து நின்றாள்.

"வாறேன்" என்றாள். "ஆனா கத்தரிக்காய் வச்சா சாப்பிடமாட்டேன். நல்லா இருக்குன்னும் சொல்லமாட்டேன்."

கத்தரிக்காய் வைக்கமாட்டேன், தம்பி. என்ன சமைக்கலாம் என்று நீயும் துஷியும் யோசித்துச் சொல்லுங்கோ.

அம்மா